ஓவியமும் டிசைனும் தொலைநிலைக் கல்வியில் படித்து உண்மையிலேயே கற்றுக்கொள்ள முடியுமா?

வேலையை விடாமல், வகுப்புக்கு நேரில் போகாமல், தொலைநிலைப் படிப்பில் ஓவியமும் டிசைனும் கற்க முடியுமா, இல்லை சான்றிதழுக்கு மட்டும்தான் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்பதும் கேள்வியில் இருக்கிறது.

முடியும். இரண்டு வருடப் படிப்பை மூன்றரை வருடத்தில் முடித்த ஆள் நான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வரைவது எப்படி என்று சொல்லித்தரும் பாடங்கள் இன்று காசில்லாமலே கொட்டிக் கிடக்கின்றன. நீங்கள் வரைந்ததை ஒருவர் நிதானமாகப் பார்த்து, எங்கே தப்பியிருக்கிறது, ஏன் தப்பியது என்று சொல்வதுதான் கிடைப்பதில்லை. தொலைநிலைப் படிப்புக்குக் கட்டும் பணம் அதற்குத்தான்.

எனக்கு இது உறைத்தது இரண்டாவது அசைன்மென்டில். வீட்டிலிருக்கும் ஒரு நாற்காலியைப் பார்த்து வரைய வேண்டும். ஏ3 தாள், 2பி பென்சில், நிழல் தீட்டக் கூடாது, கோடு மட்டும். வேலை முடிந்து வந்து மூன்று ராத்திரி உட்கார்ந்து வரைந்தேன். சட்டத்தில் இருந்த ஆணித் தலையைக்கூட விடவில்லை. எனக்கே பெருமை தாங்கவில்லை. போட்டோ எடுத்து அனுப்பி, ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. என் படத்தின் மேல் கணினியில் ஒரு லேயர் (கண்ணாடித் தாள் மாதிரி மேலே விரியும் அடுக்கு) போட்டு, சிவப்பில் மூன்று படுக்கைக் கோடுகளை ஆசிரியர் இழுத்திருந்தார். கீழே ஒரே ஒரு வரி: “வரைந்து முடிப்பதற்குள் எத்தனை தடவை இடம் மாறி உட்கார்ந்தீர்கள்?”

தூக்கிவாரிப் போட்டது. முதல் நாள் தரையில் உட்கார்ந்து வரைந்தேன். முதுகு வலித்ததால் மறுநாள் ஸ்டூல். மூன்றாம் நாள் கட்டிலில் சாய்ந்துகொண்டு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, படம் சொல்லிவிட்டது. நாற்காலியில் தரைக்கு மட்டமாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் பின்னோக்கி ஓடும் விளிம்புகளை நீட்டிக்கொண்டே போனால், அவை நம் கண்மட்டத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேர வேண்டும். என் படத்தில் கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் ஒரு மட்டத்தில் சேர்ந்தன, இருக்கைப் பலகை இன்னொரு மட்டத்தில், கைப்பிடிகள் வேறொன்றில். அந்த மூன்று சிவப்புக் கோடுகளும் என் மூன்று ராத்திரிகள்.

அந்த வாரமே ஸ்டூல் நிற்கும் இடத்தையும் நாற்காலிக் கால்கள் நிற்கும் இடத்தையும் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்தேன். எதிர்ச் சுவரில் என் கண் உயரத்துக்கு இன்னொரு துண்டு. உட்கார்ந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் துண்டு நாற்காலி முதுகின் எந்த இடத்துக்கு நேராகத் தெரிகிறது என்று பார்ப்பேன். விலகியிருந்தால் நிமிர்ந்தோ குனிந்தோ சரிசெய்துகொண்டு, அப்புறம்தான் பென்சிலைத் தொடுவேன். கண்மட்டம் பற்றி அதற்கு முன்பே ஏழெட்டு வீடியோ பார்த்திருந்தேன். என் முதுகுவலி அவற்றில் எதிலும் வரவில்லை.

இப்படித் திருத்துவது புது வழக்கமும் இல்லை. 1948இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆல்பர்ட் டோர்ன், நார்மன் ராக்வெல் முதலான பத்திரிகை ஓவியர்கள் ஃபேமஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்கூல் என்று ஒன்றைத் தொடங்கித் தபாலிலேயே ஓவியம் கற்பித்தார்கள். மாணவர் அனுப்பிய படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, அதில் திருத்தி வரைந்து, கூடவே கடிதமும் வைத்து ஆசிரியர்கள் திருப்பி அனுப்புவார்கள். என் ஆசிரியரின் சிவப்பு லேயர் அந்தத் தாளின் பேரப்பிள்ளைதான். ‘பீனட்ஸ்’ சித்திரத் தொடரை வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் கற்றதும் தபால் படிப்பில்தான், ஆனால் வேறொரு பள்ளியில். குழந்தைகளை வரையும் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது சி பிளஸ். பிறகு அதே பள்ளியில் மாணவர்களின் படங்களைத் திருத்தும் வேலை பார்த்தார், அதற்கப்புறம் ஆயுள் முழுக்கக் குழந்தைகளை வரைந்தே பெயர் வாங்கினார். என் மதிப்பெண்கள் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

சரி, தொல்லைகளுக்கு வருவோம். வகுப்பறையில் இல்லாத தொல்லை ஒன்று இதில் உண்டு: ஆசிரியர் பார்ப்பது உங்கள் படத்தை அல்ல, படத்தின் படத்தை. ஒரு சாம்பல் நிறப் பீங்கான் ஜாடியை வாட்டர்கலரில் வரைந்து, ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்தில் போனில் எடுத்து அனுப்பினேன். “மாலை வெயிலின் இளஞ்சூட்டை அழகாகப் பிடித்திருக்கிறீர்கள்” என்று பாராட்டு வந்தது. எந்த மாலை, எந்த வெயில்? அது பல்பின் மஞ்சள். பாராட்டை விட மனசில்லாமல் இரண்டு நாள் கமுக்கமாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இனிமேல் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் ஒரு வெற்று வெள்ளைத் தாளை வைத்து எடுக்கச் சொன்னார். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் படமும் மஞ்சளித்திருக்கிறது என்று பார்க்கிறவர் புரிந்துகொள்வார்.

போட்டோ எடுப்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிடுங்கள். நேர் வெயில் விழாத ஜன்னலோரம், பகல் வெளிச்சம். அறை விளக்கை அணைத்துவிட வேண்டும், இரண்டு வெளிச்சம் கலந்தால் பிறகு நிறத்தைச் சரிசெய்வது பெரும்பாடு. படத்தை நிமிர்த்தி வைத்து, லென்ஸ் அதன் நடுவுக்கு நேராக இருக்கும்படி நில்லுங்கள். கிட்டப் போய் எடுத்தால் உருவம் கோணும், நாலடி தள்ளி நின்று ஜூம் செய்யலாம். கோணலாக எடுத்த போட்டோவில் வட்டம் முட்டையாகி, வரையாத தப்புக்குத் திருத்தம் வாங்கியவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். சின்னப் பென்சில் படங்களுக்கு ஸ்கேனர் போதும், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மெல்லிய சாயல்களை அது வெளுத்துவிடுவதுண்டு, ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து அனுப்புங்கள்.

டிசைன் பக்கம் இந்தக் கஷ்டம் குறைவு. லோகோவோ பக்க அமைப்போ திரையிலேயே பிறக்கிறது, கோப்பாகவே போய்ச் சேர்கிறது. அதனாலேயே ஏமாறவும் வழியுண்டு. ஒரு போஸ்டருக்குப் பச்சை கலந்த நீலத்தில் பின்னணி வைத்தேன், திரையில் மின்னியது. அச்சடித்துச் சுவரில் ஒட்டி அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். கையில் வந்தது, பத்து தடவை துவைத்துச் சாயம் போன துணி. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சு மை வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்திலிருந்து கொஞ்சம் விழுங்கிக்கொண்டு மிச்சத்தைக் காட்டுகிறது. திரையால் காட்ட முடிகிற சில பளிச்சென்ற நீலங்களும் பச்சைகளும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளின் எல்லைக்குள் வருவதே இல்லை. இதைப் பாடத்தில் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன், ஆனாலும் அச்சைப் பார்க்கும்வரை தெரிந்திருக்கவில்லை. எழுத்தளவும் அப்படித்தான். ஏ2 போஸ்டர் முழுவதையும் லேப்டாப் திரைக்குள் அடக்கிப் பார்த்துக்கொண்டே, எல்லாம் வாசிக்கும்படி இருக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கியிருந்தேன். அச்சில் அது ஊரைக் கூட்டிக் கத்தியது. அன்றிலிருந்து சாதாரண பிரிண்டரில் நாலு ஏ4 தாள்களாக உண்மை அளவில் அச்சடித்து ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

வீட்டிலிருந்து படிப்பதற்கென்றே பிறந்த மாதிரி ஒரு பாடமும் உண்டு, நிறம். ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற கலை, டிசைன் பள்ளியில் கற்பித்துவிட்டு அமெரிக்காவுக்குப் போய், பின்னர் யேல் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராக இருந்த ஜோசஃப் ஆல்பர்ஸ், நிறம் பற்றிய பயிற்சிகளை வண்ணம் குழைத்துச் செய்வதைவிட வண்ணக் காகிதத் துண்டுகளை வைத்துச் செய்யச் சொல்வார். ஒரே காகிதத்தில் வெட்டிய இரண்டு சின்னச் சதுரங்கள், இரண்டு வேறு பின்னணிகள், அவற்றின் மேல் வைத்ததும் சதுரங்கள் இரண்டு வேறு நிறங்களாகத் தெரிய வேண்டும். எங்களுக்கும் அதே பயிற்சி வந்தது. பழைய பத்திரிகைகளைக் கத்தரித்து ஒரு வாரம் தரையெல்லாம் குப்பை. ஒரு மங்கிய பச்சைத் துண்டை அடர் நீலத்தின் மேல் வைத்தால் மஞ்சளாகச் சாய்கிறது, அதையே வெளிர் மஞ்சளின் மேல் வைத்தால் சாம்பலாகக் கறுக்கிறது. இரண்டும் ஒரே காகிதம் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை. துண்டைப் பிய்த்து இடம் மாற்றிக் காட்ட வேண்டியிருந்தது. இதற்கு வகுப்பறை எதற்கு?

சில விஷயங்களுக்கு வகுப்பறைதான் வேண்டும். மண்பாண்டம் சுடச் சூளை வேண்டும், செதுக்கல் அச்சுக்கு அழுத்த எந்திரம் வேண்டும், உடலை வரைய உயிருள்ள ஒரு மனிதர் எதிரே நிற்க வேண்டும். இவற்றில்தான் உங்களுக்கு ஆசை என்றால் தொலைநிலைப் படிப்பில் சேராதீர்கள், அல்லது கோடை முகாம் மாதிரி சில நாட்களாவது நேரில் வரச்சொல்லும் படிப்பாகப் பாருங்கள்.

இன்னொரு இழப்பு, பக்கத்து ஈசல், அதாவது பக்கத்தில் இருப்பவர் படத்தை நிறுத்தி வைத்து வரையும் தாங்கி. ஸ்டூடியோவில் ஒரே ஜாடியை இருபது பேர் இருபது விதமாகத் தப்பாக வரைந்திருப்பதைத் தண்ணீர் குடிக்கப் போகும் வழியில் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளலாம். தனியாகப் படிக்கிறவருக்கு அது கிடையாது. எங்கள் தொகுதியில் நாலு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வீடியோ கால் வைத்துக்கொண்டோம். ஒரே விதிதான்: ‘நல்லா இருக்கு’ என்று சொல்லக் கூடாது. முதலில் எங்கே கண் போனது, அங்கிருந்து எங்கே போனது, எங்கே மாட்டிக்கொண்டது என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் மௌனம்தான். மூன்றாவது மாதத்துக்குள் ஆசிரியரின் பதில் வருவதற்கு முன்பே அவர் என்ன சொல்வார் என்று பாதி ஊகிக்க ஆரம்பித்திருந்தோம்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தை நான் அவ்வளவாகப் பார்க்க மாட்டேன். எல்லா இடத்திலும் கோடு, வடிவம், நிறம், எழுத்துரு, பக்க அமைப்பு என்று கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான். சேருவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போட்டு, பழைய மாணவர் ஒருவருக்குக் கொடுத்த திருத்தம் ஒன்றைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘நல்ல முயற்சி, வண்ணங்களில் இன்னும் கவனம் தேவை’ என்ற ரகமாக இருந்தால் விலகிவிடுங்கள், அதை யாருக்கும் எழுதலாம். படத்தின் மேல் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்களா, எத்தனை நாளில் பதில், ஒரே ஆசிரியர் தொடர்ந்து பார்ப்பாரா, திருத்திய பிறகு மறுபடி அனுப்ப விடுவார்களா என்றும் கேளுங்கள். நான் முதலில் சேர்ந்திருந்த வேறொரு படிப்பில் பதிவுசெய்த வீடியோக்களும் கடைசியில் ஒரு தேர்வும்தான். என் ஒரு கோட்டைக்கூட அங்கே யாரும் பார்த்ததில்லை. நாலு மாதத்தில் வெளியே வந்துவிட்டேன், பணம் போனது போனதுதான்.

சான்றிதழ் பற்றிச் சுருக்கமாக: டிசைன் வேலைக்குப் போகும் இடங்களில் என்னிடம் போர்ட்ஃபோலியோவைத்தான், அதாவது செய்த வேலைகளின் தொகுப்பைத்தான் கேட்டார்கள். மேற்படிப்புக்கோ ஆசிரியர் வேலைக்கோ போக நினைத்தால் மட்டும், உங்கள் நாட்டில் அந்தப் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்று சேருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

நேரம். வாரத்துக்கு எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். மேசையில் எல்லாவற்றையும் பரப்புவது, முடிந்ததும் ஒதுங்க வைப்பது, தூரிகை கழுவுவது இதில் சேர்த்தியில்லை. அப்படியே போட்டுவிட்டுப் போகக்கூடிய ஒரு மூலை இருந்தால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. எனக்கு அது வாய்க்க ஒரு வருடம் ஆனது. கதவின் பின்னால் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, தாளை அதிலேயே ஒட்டிவிட்டுப் போவேன், அடுத்த நாள் வந்ததும் கோட்டைத் தொடரலாம். ஒன்றரை வருடம் தாமதமானதில் ஏழு மாதம் ஒரே அசைன்மென்டில் போனது. இன்னும் நன்றாக வரட்டும், வரட்டும் என்று அனுப்பாமலே வைத்திருந்தேன். கடைசியில் ஆசிரியரே எழுதினார்: “முடிக்காததை அனுப்புங்கள். முடித்துவிட்டால் திருத்த எனக்கு என்ன மிச்சம் இருக்கும்?” அன்று ராத்திரியே அனுப்பினேன். ஆறே வரியில் பதில் வந்தது, அதில் நாலு வரி நான் பயந்த இடத்தைப் பற்றியே இல்லை.

வாங்க வேண்டியவை பற்றிக் கேட்டிருந்தீர்கள். டேப்லெட், விலையுயர்ந்த சாஃப்ட்வேர் எல்லாம் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். ஹெச்பி, 2பி, 6பி பென்சில்கள், ஒரு கட்டு சாதாரணத் தாள், தாளை ஒட்டிவைக்க ஒரு பலகை போதும். மாஸ்கிங் டேப் மட்டும் இரண்டு சுருளாக வாங்கிவிடுங்கள், ஒன்று தாளுக்கு, ஒன்று தரைக்கு.