மானநஷ்டம் இருக்கட்டும், அந்த 9 லட்சத்தைப் பேசுவோம்

கேள்வி: நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். 14 மாதம் முன்பு இறந்த என் தாய்மாமா, பதிவு செய்த உயிலில், அதில் சொன்னபடி சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் நிறைவேற்றுநராக என்னைப் போட்டிருக்கிறார். அவருடைய சொந்தச் சம்பாத்தியமான வீடு (சுமார் 40 லட்சம்) மகனுக்கு. வங்கி டெபாசிட் 10 லட்சம் மகளுக்கு. அத்தை முன்பே காலமாகிவிட்டார். டெபாசிட்டுக்கு நான்தான் நாமினி. வீட்டோடு சேர்ந்த கடையின் வாடகையையும் நானே என் பென்ஷன் கணக்கில் வசூலித்து வருகிறேன். பணத்தை என் கணக்கில் வாங்கி, காரியச் செலவு 1 லட்சம் போக, மாமா மகளின் பெண் கல்யாணத்துக்காக மூன்றாவது மாதமே 9 லட்சம் கொடுத்துவிட்டேன். இப்போது ஒரு நெல் வியாபாரி, மாமா எழுதிக் கொடுத்த புரோநோட்டைக் காட்டி அசலும் வட்டியுமாக 6 லட்சம் கேட்கிறார். மாமா மகனோ உயிலே பொய் என்று சொல்லி, தெருவில் நின்று என்னைத் திருடன் என்கிறான். அவனைப் படிக்க வைத்ததே நான். அவன் மேல் மானநஷ்ட வழக்குப் போடலாமா? இந்தப் பொறுப்பிலிருந்து விலகிவிடலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதம் மூன்று பக்கம். அதில் இரண்டேகால் பக்கம் மாமா மகன் என்ன பேசினான், அவனுக்கு நீங்கள் என்னவெல்லாம் செய்தீர்கள் என்பது. வருத்தம் புரிகிறது, ஆனால் அதற்குச் சட்டத்தில் வேலை இல்லை. மானநஷ்ட வழக்கை மறந்துவிடுங்கள். அந்தக் கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே "அந்த 9 லட்சம் எங்கே?" என்றுதான் வரும். நானும் அதைத்தான் கேட்கப்போகிறேன்.

விலகுவதைப் பொறுத்தவரை, நேரம் கடந்துவிட்டது. உயிலைப் படித்த அன்றே 'எனக்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்திருந்தால் சரி. டெபாசிட்டை வாங்கி, பணம் கொடுத்து, கடை வாடகையையும் 14 மாதமாக வசூலித்தபின் நீங்கள் பொறுப்பை ஏற்றவர்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் ஈமச்செலவு, அப்புறம் கடன், கடைசியில்தான் உயிலில் சொன்ன பங்கு. பிரிவு 325 கடனை முடிக்காமல் பங்கு கொடுக்கக் கூடாது என்கிறது. பிரிவு 337 மாமா இறந்து ஓராண்டு முடியும்வரை பங்கைக் கொடுக்கும் கட்டாயமே உங்களுக்கு இல்லை என்கிறது. கல்யாணம் என்று கேட்டார்கள், மூன்றாவது மாதமே கொடுத்துவிட்டீர்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் பிரிவு 357-ஐப் படியுங்கள்: நீங்களாக விரும்பிக் கொடுத்த பங்கை, மற்றப் பங்குகளுக்குச் சொத்து போதவில்லை என்று சொல்லித் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்குக் கிடையாது. கொடுக்கும்போது உங்களுக்குத் தெரியாத கடனைப் பின்னால் கட்ட நேர்ந்தால் மட்டும், பங்கு வாங்கியவர்களிடம் விகிதப்படி திருப்பிக் கேட்கப் பிரிவு 359 வழிவிடுகிறது.

நான் பார்த்த நிறைவேற்றுநர்களில் பெரும்பாலோர் விழுந்தது இந்தக் குழியில்தான். யாரும் திருடுவதில்லை, அவசரப்படுகிறார்கள். இறந்தவரின் கடன்கள் எல்லாம் பதினாறாம் நாள் காரியத்துக்குள் வந்துவிடுவதில்லை. கூட்டுறவு வங்கியில் யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து, சீட்டை எடுத்துவிட்டுக் கட்டாமல் வைத்த தவணை, ஆஸ்பத்திரி பாக்கி, வருமான வரி நோட்டீஸ் என்று ஒவ்வொன்றாக வரும். உங்கள் கடிதத்திலேயே ஒன்று ஒளிந்திருக்கிறது: வாடகை வசூலித்தேன் என்கிறீர்கள், அந்தக் கடைக்காரர் கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு? அதுவும் மாமாவின் கடன்தான்.

நெல் வியாபாரி வழக்குப் போட்டால் என்ன ஆகும்? சாதாரணமாகத் தீர்ப்பு மாமாவின் சொத்தின் மேல்தான் வரும், உங்கள் மேல் அல்ல. ஆனால் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 52-இல் இரண்டாவது பகுதி ஒன்று உண்டு. கைக்கு வந்த சொத்தை முறையாகச் செலவழித்ததாகக் காட்ட முடியாதவரிடம், அந்த அளவுக்கு அவருடைய சொந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கலாம். கடனை நிறுத்திவிட்டுப் பங்கைக் கொடுத்தது 'முறையாக' என்பதில் சேராது. உங்கள் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது, பிரிவு 60 காப்பாற்றும். உங்கள் பெயரில் உள்ள வீட்டை அந்தப் பிரிவு காப்பாற்றாது.

அடுத்தது மாமா மகன். கடனுக்காக அவன் வீட்டின் மேல் கை வைத்தால் அவன் உங்களைத் தேடி வருவான். சொத்தைத் தவறான வழியில் விட்டு நஷ்டம் வரவழைத்த நிறைவேற்றுநர் அதை ஈடுகட்ட வேண்டும் என்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 368. சொந்த வீடும் பென்ஷனும் உள்ளவரைத்தான் எல்லோரும் முதலில் பிடிப்பார்கள்.

ஆறுதல் தரும் இன்னொன்று அதே சட்டத்தின் பிரிவு 361. கடன் கொடுத்தவர், பங்கு வாங்கியவரிடம் நேராகத் திருப்பிக் கேட்கலாம். நீங்களாக விரும்பிக் கொடுத்த பங்காக இருந்தாலும் நெல் வியாபாரி கேட்க முடியும். மாமா மகளை உட்காரவைத்து இந்தப் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். கல்யாணத்தில் செலவாகிவிட்டது என்பது வியாபாரிக்குப் பதில் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, யார் எவ்வளவு தாங்க வேண்டும்? வீடும் டெபாசிட்டும் இரண்டுமே இன்ன சொத்து இன்னாருக்கு என்று குறிப்பிட்டுக் கொடுத்தவை. அதனால் கடனை அவற்றின் மதிப்புப்படி பகிர வேண்டும். 40-க்கு 10, அதாவது நாலுக்கு ஒன்று. 6 லட்சத்தில் மகன் பங்கு 4 லட்சத்து 80 ஆயிரம், மகள் பங்கு 1 லட்சத்து 20 ஆயிரம். மாமா மகன் இந்தக் கணக்கைக் கேட்டால் குதிப்பான். குதிக்கட்டும், அடுத்த கணக்கையும் சொல்லுங்கள். அவன் சொல்வதுபோல் உயில் பொய் என்றே தீர்ப்பாகிவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனும் மகளும் சம பங்கு. காரியச் செலவை விட்டுவிட்டுப் பார்த்தால், 50 லட்சத்தில் கடன் போக 44, ஆளுக்கு 22. உயில் நின்றாலோ கடன் போக அவனுக்கு 35 லட்சத்து 20 ஆயிரம். தன் காசில் வக்கீல் வைத்து 13 லட்சத்தை இழக்க அவன் ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கிறான். அவனுடைய வக்கீல் இதை அவனுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஆகவே என் ஆலோசனை: சமாதானமாகப் போங்கள். வியாபாரி, மகன், மகள் மூவரையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். அதற்கு முன் புரோநோட்டின் நகலை வாங்கி, தேதியையும் பின்பக்கத்தில் வட்டி வரவு எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அவர் வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு எப்போது முடிகிறது என்பதில்தான் உங்கள் பேரம் இருக்கிறது. "சும்மா ஒரு வரி எழுதிக் கொடுங்க சார்" என்று அவர் கேட்டால் எழுதாதீர்கள். கெடு முடியுமுன் எழுதினால் மூன்று வருடம் புதிதாக ஓட ஆரம்பிக்கும். அசலோடு கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கொண்டு போகத் தயாராக இருக்கும் வியாபாரிகளே அதிகம். கோர்ட்டில் வருடக்கணக்காக நிற்க அவர்களுக்கும் நேரமில்லை.

மகள் கட்ட வேண்டிய 1 லட்சத்து 20 ஆயிரத்தில் கொஞ்சம் குறைந்தால், அதை நீங்களே போட்டு முடிப்பது பற்றியும் யோசியுங்கள். அநியாயம் என்பீர்கள். ஐம்பதாயிரமோ எழுபதாயிரமோ கொடுத்து உங்கள் வீட்டை வழக்கிலிருந்து வெளியே எடுப்பது மலிவு என்பேன்.

எது பேசி முடித்தாலும் எழுத்தில் வாங்குங்கள். வரவு செலவுக் கணக்கைத் தாளில் போட்டு, பிள்ளைகள் இருவரும் 'கணக்கு சரி, நிறைவேற்றுநரிடம் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். வாடகைப் பணத்தை உங்கள் பென்ஷன் கணக்கில் கலந்து வைத்திருப்பது கெட்ட பழக்கம். இன்றே தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். மாமா இறந்த நாளிலிருந்து அந்த வாடகை வீடு பெறும் மகனுக்குச் சேரும். திருடன் என்று அவன் சொல்வதற்குக் கைப்பிடி கொடுப்பதே அந்தக் கலப்புதான்.

மகன் ஒத்துவராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் புரோபேட் மனு, அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றச் சான்று கேட்கும் மனு, போடுங்கள். கும்பகோணத்துச் சொத்துக்கு அது கட்டாயமில்லை என்று பத்திர எழுத்தர் சொல்லியிருப்பார். கட்டாயமில்லைதான், ஆனால் உயில் பொய் என்று ஒருவன் கத்தும்போது உங்களுக்கு அது தேவை. உயில் பதிவானதை நம்பி உட்காராதீர்கள். பதிவு செய்திருந்தாலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். அந்த இருவருக்கும் என்ன வயது, எங்கே இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. இந்த வாரமே விசாரியுங்கள். அதுவரை யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.