வேனுக்குள் வீட்டு கேஸ் ஹீட்டரை வைக்கலாமா?

கேள்வி: ஜூலை குளிர்கால விடுமுறையில் தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் எங்கள் சிறிய கேம்பர் வேனில் குடும்பத்துடன் தங்கவிருக்கிறோம். இரவுக் குளிருக்கு, வீட்டிலுள்ள கேஸ் ஹீட்டரையே உள்ளே வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: அன்பரே, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஹீட்டர் வேனுக்குள் இருக்கும் ஆக்சிஜனையே எடுத்து எரிந்து, புகையையும் அங்கேயே விடுகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லாததால், உறங்குகிறவர்கள் விழிக்காமலே போய்விடக்கூடும். மேலும், சிலிண்டரில் வரும் புரொப்பேன் வாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி சேரும். விடியற்காலையில் கண்ணாடியில் வழிந்து மெத்தையின் ஓரத்தை நனைப்பது அதுதான்.

வெளிக்காற்றை ஒரு குழாயால் இழுத்து, புகையை மற்றொரு குழாயால் வெளியேற்றும், எரியறை மூடிய ஹீட்டரையே வாங்குங்கள். புகைக்குழாயின் வாய் ஜன்னலுக்குக் கீழே வரக்கூடாது. புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது என்பதால், கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே சிலிண்டரைத் தனியே அடைத்த பெட்டியில் நிமிர்த்தி வைத்து, அதன் அடியில் வண்டிக்கு வெளியே திறக்கும் துளை விடவேண்டும். பதிவுபெற்ற கேஸ் நிறுவுநரைக் கொண்டே வேலையை முடித்துச் சான்றிதழ் பெறுங்கள். பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, குமிழி எழுகிறதா என்று நீங்களே பாருங்கள். படுக்கையருகே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம் இருக்கட்டும்.