19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரிகளில் உங்களை அதிகம் கவர்ந்தவர் யார்? ஏன்?

கேப்டன் லூயிஸ் எட்வர்ட் நோலன்.

இந்தப் பெயரைச் சொன்னால் ராணுவ வரலாறு படித்தவர்கள் பலரும், "கிரிமியப் போரில், பலக்லாவா சண்டையில் தப்பான பக்கம் கையைக் காட்டி ஒரு படையையே சாகக் கொடுத்தவர்தானே?" என்றுதான் கேட்பார்கள். முப்பத்தாறு வருஷம் வாழ்ந்த மனிதரை அவருடைய கடைசி அரை மணி நேரத்தை மட்டும் வைத்து எடைபோடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. அதற்கு முன்னால் அவர் செய்த வேலை பெரியது. அதில் கணிசமான பங்கு பெங்களூரையும் சென்னையையும் சுற்றி நடந்தது என்பது நம் ஆட்களுக்கே அதிகம் தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1818 ஜனவரியில் கனடாவில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. குடும்பம் பிறகு மிலான் நகரத்தில் குடியேறியது. மிலான் அப்போது ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்ததால், பையன் பதின்வயதிலேயே ஆஸ்திரிய ராணுவத்தில் சேர்ந்து ஹங்கேரிய ஹுஸ்ஸார் படைப்பிரிவு ஒன்றுக்குப் போய்விட்டான். ஹுஸ்ஸார்கள் இலகுரகக் குதிரைப்படை. வேவு பார்ப்பது, ஓடும் எதிரியைத் துரத்துவது, திடீரென்று பாய்வது எல்லாம் அவர்கள் வேலை. குதிரையைக் கையாளும் கலையை நோலன் அங்கேதான் அடிப்படையிலிருந்து கற்றார். 1839இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு மாறி, 15ஆவது ஹுஸ்ஸார் படைப்பிரிவில் கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்தார்.

அன்றைய பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரி பதவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். குதிரைப்படையில் நுழைவுப் பதவிக்கே அரசு நிர்ணயித்த விலை 840 பவுண்டு. மேலே போகப் போக ஆயிரங்கள். அரசு விலைக்கு மேல் கள்ளவிலையும் உண்டு. பின்னால் பலக்லாவாவில் வரப்போகிற கார்டிகன் பிரபு தன் படைப்பிரிவின் தலைமையைப் பிடிக்க நாற்பதாயிரம் பவுண்டு வரை செலவழித்தார் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு. 1871 வரை இந்த முறை நீடித்தது. பணம் இருந்தவன் படையை நடத்தினான். தொழில் தெரிந்தவன் பின்னால் நின்றான். நோலனின் முடிவைப் புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும்.

15ஆவது ஹுஸ்ஸார் படைப்பிரிவு 1840களில் பெங்களூர் பாளையத்தில் முகாமிட்டிருந்தது. சென்னை மாகாண ராணுவத்தின் பெரிய குதிரைப்படைத் தளம் அதுதான். நோலன் அங்கே குதிரையேற்றப் பயிற்சிக்குப் பொறுப்பேற்றார். பிறகு சென்னை ஆளுநர் சர் ஹென்றி பாட்டிஞ்சரிடம் தனி உதவி அதிகாரியாகவும் இருந்தார். குதிரைப் பந்தயம், வேட்டை எல்லாவற்றிலும் பெயர் வாங்கியவர். ஆனால் என்னைக் கவர்ந்தது வேறு: எதைப் பார்த்தாலும் குறித்துவைக்கும் பழக்கம். தான் கண்டதையும் கேட்டதையும் பின்னால் 1853இல் குதிரைப்படையின் வரலாறு, போர்முறை பற்றி ஒரு நூலாகவே வெளியிட்டார். அதிலிருந்து இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது கிருஷ்ணா நதிக்கரையில் நடந்தது. படைப்பிரிவு வடக்கே நீண்ட நடைபயணம் போய்த் திரும்பியது. போகவர எண்ணூறு மைல். ஆறு கால் மைல் அகலம், கடக்கப் படகுகள் இருந்தன. படைப்பிரிவில் ஒரு சிப்பாயிடம் பாரசீகக் குதிரை ஒன்று இருந்தது. உயரம் நூற்றைம்பது சென்டிமீட்டர்தான். ஆளும் ஆயுதமும் மூட்டைமுடிச்சும் சேர்த்து அது சுமந்த எடை இருபத்திரண்டரை ஸ்டோன், நம் கணக்கில் ஏறக்குறைய 143 கிலோ. அந்தச் சிப்பாய் படகில் ஏற மறுத்துவிட்டான். ஹுஸ்ஸாரும் குதிரையும் பிரியவே கூடாது என்று சொல்லி, முழுச் சுமையோடு அப்படியே ஆற்றில் இறங்கினான். அந்தச் சின்னக் குதிரை அவனைச் சுமந்தபடி அக்கரைக்கு நீந்திப் போய்ச் சேர்ந்தது. உயரமான குதிரைதான் வலிமையானது என்று இங்கிலாந்தில் நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு எதிரான சாட்சியாக நோலன் இதை எழுதினார். குதிரை மேல் இவ்வளவு சுமையை ஏற்றுவதே தப்பு என்பதும் அவர் வாதம்.

இரண்டாவது, ஹைதராபாத் நிஜாமின் குதிரைவீரர்களைப் பற்றியது. அவர்கள் ஒரு கிளர்ச்சிக் கூட்டத்தோடு மோதிய சண்டைக்குப் பிறகு காயங்களின் விவரம் நோலனுக்குக் கிடைத்தது. தலைகள் ஒரே வெட்டில் துண்டாகியிருந்தன, கைகள் அறுந்து விழுந்திருந்தன. பிரிட்டிஷ் வீரர்களின் வாள் அப்படி வெட்டி அவர் பார்த்ததில்லை. ஏதோ அபூர்வமான வாளாக இருக்கும் என்று தேடிப்போனால், அவர்கள் கையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் ராணுவம் கழித்துப்போட்ட பழைய வாள்கள்! அலகு அதேதான். அதற்குத் தங்கள் பாணியில் கைப்பிடி போட்டு, அடி முதல் நுனி வரை சவரக்கத்தி போலத் தீட்டி, மர உறையில் வைத்திருந்தார்கள். சண்டை தவிர வேறு எதற்கும் உருவுவதில்லை. பிரிட்டிஷ்காரர்களின் உறையோ இரும்பு. ஒவ்வொரு அணிவகுப்பிலும் உருவி உருவிச் செருகினால் இரும்பில் உரசி முனை மழுங்காமல் என்ன செய்யும்?

நோலன் ஒரு வயதான நிஜாம் வீரரிடம், எப்படி வெட்டுகிறீர்கள் என்று கேட்டார். "ஓங்கி வெட்டுவோம், ஐயா!" சரி, ஆனால் வெட்டும் முறையை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? "எந்த முறையும் சொல்லிக்கொடுப்பதில்லை ஐயா. கூரான வாள் யார் கையிலும் வெட்டும்."

நான் நோலன் பக்கம் சாய்ந்ததற்கு இந்த உரையாடலே முதல் காரணம். காலனிய ராணுவத்தின் அதிகாரி அவர், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அன்று எத்தனை அதிகாரிகள் ஓர் இந்தியக் குதிரைவீரரிடம் மாணவனைப் போல நின்று கேட்டிருப்பார்கள்? கேட்டதோடு நிற்காமல் அச்சில் ஏற்றி, நம் வாளும் உறையும் தப்பு என்று லண்டனுக்குச் சொன்னார்.

அதற்கு முந்தைய வருஷமே, 1852இல், புதுக் குதிரைகளைப் பழக்கும் முறையைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். பிரெஞ்சுக் குதிரையேற்ற ஆசிரியர் போஷேயின் வழியை எடுத்து, படைக்கு ஏற்றபடி மாற்றிய முறை அது. ஆரம்பப் பாடங்களில் குதிரை மேல் ஏறுவதே கிடையாது. தலைப்பக்கம் நின்று, கடிவாளத்தை மெல்லப் பிடித்து, தாடையும் கழுத்தும் இளகும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். குதிரை இணங்கிய அந்த நொடியில் கையைத் தளர்த்திவிட வேண்டும். கை தளர்வதுதான் அதற்குப் பரிசு. பிறகு நடை, பின்நடை என்று படிப்படியாகப் போக வேண்டும். முரண்டு பிடித்தால் முந்தைய பாடத்துக்குத் திரும்ப வேண்டும், சாட்டையை எடுக்கக் கூடாது.

நான் குதிரையேற்றம் பழகிய இடத்தில் ஒரு பயிற்சியாளர், தலையை உதறும் குதிரையைக் கண்டால் கடிவாளத்தை வெடுக்கென்று சுண்டி இழுப்பார். அது மேலும் உதறும், அவர் மேலும் இழுப்பார். வாயோரத்தில் தோல் கிழிந்து எச்சிலில் ரத்தம் கலந்திருந்ததை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அதே குதிரையிடம் லாயத்தில் வேலைபார்த்த பையன் ஒருவன் கையைத் தளர்த்திக்கொண்டு பேசிக்கொண்டே நடந்தால், தலையைத் தாழ்த்தி அவன் பின்னாலேயே வரும். நோலனின் பக்கங்களைப் படித்தபோது அந்தக் குதிரையின் வாய்தான் என் கண்முன் வந்தது. குதிரை கற்பது கடுமையால் அல்ல, கனிவால்தான் என்று ஒவ்வொரு பயிற்சிக்கூடத்திலும் ஒவ்வொரு லாயத்திலும் பொன் எழுத்தில் எழுதிவையுங்கள் என்கிறார் அவர். பொன் இல்லாவிட்டால் எந்த நிறமானாலும் சரி, பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தால் போதும். படித்த அதிகாரிகள் இருக்கும் இடத்தில் குதிரையேற்றம் பற்றி எழுதிய பழங்கால கிரேக்கர் செனஃபோனின் மொழியிலும் எழுதலாமாம். சவுக்கடி ராணுவத்தில் மனிதர்களுக்கே சட்டப்படியான தண்டனையாக இருந்த காலம் அது!

இனி கிரிமியா. 1854இல் துருக்கிக்கு ஆதரவாக பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவுக்கு எதிராகப் போரில் இறங்கியதும் படைக்குக் குதிரை வாங்க அவரை முன்கூட்டியே கிழக்கே அனுப்பினார்கள். சிரியா வரை போய் வாங்கிவந்தார். பிறகு தலைமைத் தளபதி ராக்லன் பிரபுவின் தலைமையகத்தில், ஜெனரல் ரிச்சர்ட் ஏய்ரியின் உதவி அதிகாரி ஆனார்.

குதிரைப்படைக்குத் தலைவர் லூகன் பிரபு. அவருக்குக் கீழே இலகுரகப் படையணிக்குத் தலைவர் கார்டிகன். கார்டிகனின் தங்கையைக் கட்டியவர் லூகன். இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. கார்டிகன் இரவில் துறைமுகத்தில் நின்ற தன் சொந்த உல்லாசப் படகில் தூங்குவார். இந்தியாவில் பணிசெய்த அதிகாரிகள் என்றாலே அவருக்கு இளக்காரம். 1840இல் விருந்து மேசையில் ஒரு கறுப்புப் பாட்டில் இருந்ததைப் பார்த்து, 'இந்தியா'க்காரர்கள் குடிக்கும் மட்டமான மதுவைக் கொண்டுவந்துவிட்டான் என்று ஓர் அதிகாரியைக் காவலில் வைத்தவர் அவர். நோலனோ அப்பட்டமான இந்தியாக்காரர். செப்டம்பரில் ஆல்மா நதிச் சண்டையில் ரஷ்யர்கள் பின்வாங்கியபோதும் குதிரைப்படையை அவிழ்த்துவிடவில்லை. நோலன் கொதித்துப்போயிருந்தார். அந்தக் கொதிப்பு அடங்கவில்லை என்பதும் உண்மைதான்.

1854 அக்டோபர் 25. பலக்லாவா. துருக்கியர்கள் காத்த மேட்டுக் காவலரண்களை ரஷ்யர்கள் காலையிலேயே பிடித்துவிட்டார்கள். அங்கிருந்த பிரிட்டிஷ் பீரங்கிகளை இழுத்துப்போக முனைகிறார்கள் என்று ராக்லனுக்குத் தோன்றியது. அவர் நின்றது சுமார் அறுநூறு அடி உயரத்தில். அங்கிருந்து எல்லாமே தெரியும். ஏய்ரி ஒரு துண்டுத்தாளில் எழுதினார்: குதிரைப்படை வேகமாக முன்னேற வேண்டும், எதிரியைப் பின்தொடர்ந்து அவர்கள் பீரங்கிகளைக் கொண்டுபோவதைத் தடுக்க முயல வேண்டும், உடனடியாக. எந்தப் பீரங்கி என்று இல்லை. மேடு என்ற சொல்லே இல்லை. அதற்கு முந்தைய உத்தரவில் மேடுகளைப் பற்றி இருந்தது, இது அதன் தொடர்ச்சி என்பது எழுதியவர்களின் எண்ணம். செங்குத்தான சரிவில் வேகமாக இறங்கக்கூடியவர் என்பதால் தாள் நோலன் கையில் போனது.

கீழே நின்ற லூகனுக்கு நில ஏற்ற இறக்கத்தில் அந்தப் பீரங்கிகள் கண்ணில் படவில்லை. "எதைத் தாக்குவது? எந்தப் பீரங்கி?" என்று கேட்டார். நோலன் கையை வீசி, "அதோ உங்கள் எதிரி, பிரபுவே. அதோ உங்கள் பீரங்கிகள்" என்றார். அந்தக் கை பள்ளத்தாக்கின் கடைக்கோடியை, ரஷ்யர்களின் பிரதான பீரங்கிவரிசையைக் காட்டியது என்று லூகன் பின்னால் சொன்னார்.

கார்டிகன் தலைமையில் இலகுரகப் படையணியின் சுமார் 670 பேர், இரண்டு பக்க மேடுகளிலிருந்தும் எதிரிலிருந்தும் குண்டு பாய, ஒன்றேகால் மைல் தூரம் போனார்கள். நோலன் நண்பர் மோரிஸின் படைப்பிரிவோடு சேர்ந்துகொண்டார். புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே வரிசையை விட்டு வெளியே பாய்ந்து, கார்டிகனுக்கு முன்னால் குறுக்காக ஓடி, வாளை ஆட்டிக் கத்தினார். வெடிகுண்டுச் சில்லு ஒன்று மார்பைக் கிழித்தது. அன்றைய தாக்குதலில் முதலில் விழுந்தவர் அவர்தான். மொத்தம் 110 பேர் அளவில் இறந்தார்கள், முந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் போயின.

அவர் குறுக்கே ஓடியது ஏன்? ஆர்வக்கோளாறில் வேகப்படுத்தப் பார்த்தார் என்கிறார்கள் ஒரு சாரார். திசை தப்பு என்று புரிந்து, வலப்பக்க மேடுகளை நோக்கித் திருப்பப் பார்த்தார் என்கிறார்கள் மறுசாரார். நான் இரண்டாவதை நம்புகிறேன். வேகப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் படையணித் தலைவருக்கு முன்னால் குறுக்கே வெட்டிப்போக வேண்டிய அவசியமில்லை, ஒழுங்கு தெரிந்த அதிகாரி அதைச் செய்யமாட்டார்.

அவர் மேல் பிழையே இல்லை என்று நான் வாதாடவில்லை. லூகன் கேட்ட கேள்வி நியாயமானது. மேலே நின்று பார்த்துவிட்டு வந்தவர் நோலன் ஒருவர்தான். நிதானமாக இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவர் கோபத்தில் பேசினார். ஆனால் தெளிவில்லாத உத்தரவை எழுதியவரும், அனுப்பியவரும், விளக்கம் கேட்க ஆள் அனுப்பாமல் கிளம்பியவரும் உயிரோடு இருந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் பழிபோட அவர்களுக்கு வாய்ப்பும் செல்வாக்கும் இருந்தன. லூகன் பிற்காலத்தில் ஃபீல்டு மார்ஷல் வரை உயர்ந்தார். கார்டிகனுக்கு இங்கிலாந்தில் வீர வரவேற்பு கிடைத்தது. பதில் சொல்ல முடியாத இடத்தில் இருந்தவர் நோலன் மட்டுமே.

அவருடைய 1853 நூல் காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நிஜாம் வீரர்களின் வாள் பற்றிய பகுதியையும் குதிரைப் பயிற்சிப் பகுதியையும் முதலில் படியுங்கள். பலக்லாவாவைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.