501இலிருந்து கழிக்கத் தெரிந்தவர்

கேள்வி: 1984இல் மாணவனாக லண்டனுக்கு வந்தேன். இரவில் பெற்றோல் செட்டில் வேலை. வால்தம்ஸ்டோவில் எங்கள் தெரு மூலையில் ஒரு பப் இருந்தது. ஆங்கிலம் தடுமாறிய எனக்கு, பலகையில் சிறு அம்பு எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தில் புள்ளி எழுதும் வேலையைத் தந்தார்கள். ஒவ்வொருவரும் 501 புள்ளியில் தொடங்கி, எறிந்து எடுக்கும் புள்ளியைக் கழித்துக்கொண்டே சைபருக்கு வரவேண்டும். அதை மனக்கணக்காகவே கழித்துவிடுவேன். அப்படித்தான் அந்தத் தெருவில் ஆட்கள் பழக்கமானார்கள். 2009இல் நீரிழிவு வந்ததும் போவதை விட்டேன். போன மாதம் அந்தப் பக்கம் போனால் பப் இல்லை. அதே கட்டடத்தில் ஃபிளாட்டுகள். "ஒரு தவறணைக்காகவா இந்த முகம்?" என்று மனைவி சிரிக்கிறார். நான் தேவையில்லாமல் கவலைப்படுகிறேனா?

பதில்: அன்பின் அண்ணை,

அக்கா சிரித்ததில் பிழையில்லை. ஊரில் தவறணை என்றால் பிளாவில் வார்த்ததைக் குடித்துவிட்டு, தெரிந்தவர் கண்ணில் படாமல் வேலியோரமாக நழுவி வரும் இடம். இங்கே மூலைப் பப் வேறு சாதி. செத்தவீடு முடிந்தும் அங்கேதான் போவார்கள், பந்தாட்டம் பார்க்கவும் அங்கேதான் போவார்கள். இதை அவருக்கு நீங்கள் எப்போதாவது விளக்கியிருக்கிறீர்களா? ஒருவன் மூன்று அம்பில் எடுக்கக்கூடிய உச்சப் புள்ளியான 180ஐ முதல் முறையிலேயே அடித்த கையோடு, மற்றவர்கள் விரல் மடிக்கும் முன்பே சோக்கட்டியால் 321 என்று எழுதிய பெடியனின் கதை வீட்டில் யாருக்காவது தெரியுமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

உங்கள் பப் தனியாகப் போகவில்லை. 2000ஆம் ஆண்டளவில் பிரிட்டனில் சுமார் 60,000 பப்கள் இருந்தன. இப்போது ஏறத்தாழ 45,000. சுப்பர்மார்க்கெட்டின் மலிவு பியர், 2007 ஜூலையில் இங்கிலாந்தில் வந்த புகைத்தடை என்று பலரும் காரணம் சொல்வார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது 1989இல் வந்த ஓர் ஆணை. பெரிய பியர் கம்பனிகள் தங்கள் பியரை மட்டும் விற்க வைக்கும் பப்களுக்கு உச்சவரம்பு விதித்தது. நோக்கம் நல்லது. நடந்தது வேறு. அவர்கள் விற்ற பப்களை, பியரே காய்ச்சாத சொத்துக் கம்பனிகள் ஆயிரக்கணக்கில் வாங்கின. பப் நடத்துபவர் வாடகையும் கட்டவேண்டும், பியரையும் அவர்கள் சொன்ன விலைக்கே எடுக்கவேண்டும். கையைக் கடித்தால் அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். கம்பனிக்கு என்ன நட்டம்? லண்டனில் பப்பை விட ஃபிளாட்டுக்குத்தான் விலை அதிகம்.

இன்னொன்று, கோபிக்கக்கூடாது. நீங்கள் 2009இல் விட்டது பியரை. பப்பையும் ஏன் விட்டீர்கள்? லைம் அன்ட் சோடாவோடு இரண்டு மணி நேரம் இருந்தாலும் அங்கே யாரும் எழும்பச் சொல்ல மாட்டார்கள். நானும் பதினைந்து வருடமாக அப்படித்தான், வேலை, பிள்ளைகளின் டியூஷன் என்று போகாமலே விட்டுவிட்டு இப்போது பெருமூச்சு விடுகிறேன்.

பழையதெல்லாம் பொன் என்றும் நினைக்காதீர்கள். 1965 பெப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மல்கம் எக்ஸ், பர்மிங்ஹாமுக்குப் பக்கத்து ஸ்மெதிக் நகருக்குப் போனபோது, அங்கே ஒரு பப்பில் நிறத்தவர்களுக்குத் தனி அறை. உங்களுக்குச் சோக்கட்டி தந்தவர்கள் இத்தனை காலம் கழித்தும் மனதில் நிற்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

சரி, இனி என்ன செய்யலாம்? கவலைப்படுவதென்றால் இன்னும் மூடாத ஒரு பப்புக்காகப் படுங்கள். தென் லண்டனில் நன்ஹெட் பகுதி ஐவி ஹவுஸை 2013இல் ஊர்க்காரர்களே சேர்ந்து வாங்கினார்கள். கில்பர்னில் கார்ல்டன் டாவர்னை 2015இல் அனுமதியில்லாமல் இடித்தவர்களை, பழையபடியே கட்டித்தரும்படி வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் உத்தரவிட்டது. 2021இல் திரும்பத் திறந்தார்கள். உங்கள் பகுதியில் மிஞ்சியிருக்கும் பப் சமூகச் சொத்தாகப் பதிவாகியிருக்கிறதா என்று கவுன்சிலில் விசாரியுங்கள். பதிவிருந்தால், உரிமையாளர் விற்க வெளிக்கிடும்போது ஊர்க்காரர் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கேட்கலாம்.

அதற்கு முன், ஒரு ஞாயிறு மதியம் அக்காவையும் கூட்டிக்கொண்டு அங்கே போங்கள். சாப்பாடும் இருக்கும். டார்ட்ஸ் பலகை இருந்தால் கிட்டவே இருங்கள். இப்போது பல இடங்களில் மெஷின்தான் கணக்குப் போடுகிறது, ஆனால் அதை முந்திச் சொல்ல உங்களால் முடியும். பொரித்த பன்றித்தோலை மட்டும் முதல் நாளே அக்கா முன்னால் வைத்துவிடாதீர்கள்.