எண்ணூர் விரைவுச் சாலை நெரிசலில் மின்சார காரின் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறைவது ஏன்?

ஊர்ந்து போகும்போதே சார்ஜ் இறங்குகிறதே, டிராஃபிக்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் சரி. பெட்ரோல் காரைப் போல நின்று நின்று போவது இதற்குப் பெரிய பகை இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராகி, கொஞ்சம் மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். தின்பது ஏசி. மே மாத வெயிலில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றால் அது மட்டுமே சுமார் 1 யூனிட் இழுத்துவிடும். ஓடியிருந்தால் 6, 7 கிலோமீட்டர் போயிருக்கலாம்.

அப்புறம், லாரி விலகியதும் ஆத்திரத்தில் ஒரு மிதி மிதிப்போமே, அதைக் குறையுங்கள். நானும் செய்கிற தப்புதான். உடனே பிரேக் போட்டால் செலவழித்தது முழுதும் திரும்பாது. மாதவரம் தாண்டி பைபாஸில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 90-க்குப் போனால் காற்றுத் தடை இரண்டேகால் மடங்கு. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.