மூன்று உச்சிகளும் ஒரு முக்கோணியும்

வணக்கம் ஐயா,

ஹட்டன் பக்கம் பத்தாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். முக்கோணியின் அகக்கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்று நிறுவிக் காட்டினேன். "உலகம் உருண்டைதானே டீச்சர், அப்ப இது எப்படிச் சரியாகும்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கணிதம் மாறாத உண்மை என்றுதானே நம்பியிருக்கிறோம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அவள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். சிவனொளிபாதமலை, பீதுருதாலகால, நமுனுகுல ஆகிய மூன்று உச்சிகளையும் இணைத்தால் ஏறக்குறைய 500 சதுர கிலோமீட்டர் முக்கோணி வரும். ஒன்றிலிருந்து மற்றது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் உச்சியிலும் கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டை மட்டமாக நிறுத்திக் கோணத்தை அளந்து கூட்டினால், 180 பாகைக்கு மேல் சுமார் இரண்டரை விகலை மிஞ்சும். உலகம் உருண்டை என்பதால் ஓர் உச்சியின் மட்டம் மற்றதன் மட்டத்தோடு ஒத்துப்போகாததுதான் காரணம். ஒரு பாகைக்கு 3600 விகலை என்பதால் வகுப்பறைப் பாகைமானிக்கு இது எட்டாது. நாடளாவிய படம் வரையும் நில அளவையாளர் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

அதற்காகத் தேற்றம் பொய்யாகிவிடவில்லை. பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட்டின் எடுகோள்களை, அதாவது நிறுவாமலே ஏற்கும் அடிப்படைக் கூற்றுகளை, ஏற்றால் 180 என்பதிலிருந்து யாரும் தப்ப முடியாது. ஆனால் நாம் நிற்கும் இடம் அந்த எடுகோள்களுக்குப் பொருந்துகிறதா என்பதை எந்த நிறுவலும் சொல்லாது. அளந்துதான் பார்க்க வேண்டும். சமாந்தரக் கோடுகள் பற்றிய எடுகோளையே மாற்றி 1829இல் லொபச்செவ்ஸ்கி வேறொரு கேத்திர கணிதத்தை வெளியிட்டார். வளைந்த வெளிகளுக்கான கணிதத்தை 1854இல் ரீமான் முன்வைத்தார். ஐன்ஸ்டைன் 1915இல் ஈர்ப்பை விளக்கியது அதை வைத்துத்தான். வெறும் மூளை விளையாட்டாகத் தெரிந்த ஒன்று அறுபது வருடம் கழித்து உலகத்தோடு பொருந்தியது எப்படி? எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

சரி, பிள்ளைகளுக்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் தேயிலைத் தோட்டத்திலேயே இருக்கிறது. காணிப் படத்தில் உள்ள ஹெக்டேயர் என்பது சரிவின் பரப்பு அல்ல, நேர் மேலிருந்து பார்த்தால் தெரியும் கிடைப்பரப்பு. 30 பாகைச் சரிவில் உண்மையான தரை அதைவிட 15 வீதம் கூட. 45 பாகை என்றால் 41 வீதம் கூட. படத்தில் பிழை இல்லை, நில அளவையில் அதுதான் வழமை. ஆனால் அந்தப் படத்தை மட்டும் வைத்து, இவ்வளவு காணிக்கு இத்தனை ஆள் போதும் என்று யாராவது கணக்குப் போட்டால், கூடை சுமந்து ஏறி இறங்கும் அந்த மிச்சத் தரை கணக்கிலேயே வராது. தாளில் இலக்கம் இருந்தால் மலையைப் போய்ப் பார்க்கத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வளைந்த வெளியைவிட இதுதான் பெரிய தலைவலி.

திரிகோணகணிதம் தொடங்கும்போது பிள்ளைகளையே சரிவை அளக்கச் சொல்லுங்கள். ஒரு பாகைமானியும் நூலில் கட்டிய சிறு கல்லும் போதும். கிடைப்பரப்பைச் சரிவுக் கோணத்தின் கோசைனால் வகுத்தால் உண்மையான தரைப்பரப்பு வந்துவிடும்.