நான்கு எலெக்ட்ரான் படத்தைக் காட்டினால் நம்பாதீர்கள்

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர். ஹிக்ஸ் போசான் எலெக்ட்ரானோடு இணைவதை செர்ன் (ஜெனீவா துகள் ஆய்வகம்) தரவை வைத்தே காட்டித் தருவதாக ஒரு ப்ராஜெக்ட் சென்டர் சொல்கிறது. பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இதுவரை உலகில் யாரும் பார்க்காததை உங்களிடம் விற்கிறார்கள்.

ஹிக்ஸ் போசான், மற்றத் துகள்களுக்கு நிறை தரும் புலத்தின் துகள். ஒரு துகள் எவ்வளவு கனமோ, ஹிக்ஸ் அவ்வளவு வலுவாக அதோடு இணையும். அந்த வலிமை தெரிய, துகளின் நிறையை 1.414-ஆல் பெருக்கி, ஹிக்ஸ் புலத்தின் அளவான 246 ஜி.இ.வி.யால் (துகள் இயற்பியலில் நிறைக்கும் ஆற்றலுக்கும் உள்ள அலகு) வகுங்கள். எலெக்ட்ரானின் நிறை 0.000511 ஜி.இ.வி.; விடை சுமார் 0.0000029. (சில புத்தகங்களில் 246-க்குப் பதில் 174 இருக்கும். 1.414 அதிலேயே அடங்கிவிட்டது, மறுபடி பெருக்காதீர்கள்.) சிதையும் வாய்ப்பு இந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஹிக்ஸ் நேரடியாக எலெக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாகச் சிதைவது 100 கோடி ஹிக்ஸில் ஏறக்குறைய 5. செர்னின் துகள் மோதுவியான எல்.எச்.சி.யின் 2015–2018 ஓட்டத்தில், அங்குள்ள சி.எம்.எஸ். என்ற உணர்கருவிக்குள் உருவான ஹிக்ஸே சுமார் 80 லட்சம்தான். எலெக்ட்ரானைவிட 207 மடங்கு கனமான அதன் உறவுத் துகள் மியூவானோடு ஹிக்ஸ் இணைவதற்கே முதல் சான்று 2020-இல்தான் வந்தது.

அப்படியானால் இத்தகைய சென்டர்கள் காட்டும் நான்கு எலெக்ட்ரான் வரைபடத்தில், ஹிக்ஸின் நிறையான 125 ஜி.இ.வி.யில் எழும் மேடு? அது பொய்யில்லை, ஆனால் வேறு சங்கதி. அங்கே ஹிக்ஸ் இரண்டு இசட் போசான்களாகி (இசட் வேறொரு கனமான துகள்), அவை ஒவ்வொன்றும் ஒரு எலெக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாகும். ஆக நான்கு. அங்கே ஹிக்ஸ் தொட்டது இசட்டை, எலெக்ட்ரானை அல்ல. எதிரெதிர் மின்னூட்டமுள்ள ஜோடிகளின் நிறையைத் தனித்தனியே போடுங்கள்: பெரும்பாலும் ஒன்று இசட்டின் நிறையான 91-ஐ ஒட்டி நிற்கும். நேரடிச் சிதைவென்றால் இரண்டே துகள், ஜோடி நிறையே 125. பைண்டிங்கைப் புரட்டிப் பார்த்து மதிப்பெண் போடும் வைவாவில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே இந்தக் கடைகள் மூடிவிடும்.

செர்னின் திறந்த தரவுத் தளத்தில் சி.எம்.எஸ். தரவும் மாதிரி புரோகிராமும் இலவசம். இரண்டு எலெக்ட்ரான் நிகழ்வுகளை எடுத்து, முதலில் 91-இல் இசட் மேட்டைக் கொண்டுவாருங்கள். அது நகர்ந்திருந்தால் ஆற்றல் அளவுத்திருத்தம் தவறு. இடப்பக்கம் வால் நீண்டால் பயப்பட வேண்டாம், எலெக்ட்ரான் வழியில் ஒளியைச் சிந்தி ஆற்றல் இழக்கும். பிறகு 110-இலிருந்து 150 வரை வழவழப்பான வளைகோடு பொருத்தி, 125-இல் அதிகபட்சம் எத்தனை நிகழ்வு ஒளிந்திருக்கலாம் என்று கணக்கிடுங்கள். ஆய்வுக் குழுக்கள் வெளியிட்ட மேல் வரம்பு 10,000 ஹிக்ஸில் அதிகபட்சம் 3 அல்லது 4. உங்களுடையது இதைவிட மோசமாகத்தான் வரும். தலைப்பில் ‘மேல் வரம்பு’ என்று போடுங்கள், ‘கண்டறிதல்’ வேண்டாம்.